தொவாதெருக்கு ஒரு கட்டில்

செத்துப்போன தொவாதெர் பேரைச் சொல்லித் தானமாகக் கொடுத்த கட்டில் உடைந்துபோன சேதி, காலை ஷிஃப்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் வெளியே வந்தது. சொன்னவள் கதிங்கா. பலகை ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை. எந்த வீட்டில் எந்தப் பானை தீய்ந்தது என்பது அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸுக்குள் ஈரக் கம்பளியும் வெங்காயமும் நாறின. வெளியே மூடுபனி. மலையும் தெரியவில்லை, ஆலையின் புகைபோக்கியும் தெரியவில்லை.

"நெகுலாய் வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். ஆட்டுப்பால் வாங்கத்தான் போனேன், வேற எதுக்கு. கட்டில் நடுவுல மடங்கிக் கெடக்கு, தண்ணி குடிக்கக் குனிஞ்ச கழுதை மாதிரி. ஆளு பக்கத்துல தரையில படுத்திருக்கான்."

"அப்ப தொவாதெரும் அங்க தரையிலதான்னு சொல்லு," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. சொன்ன பிறகுதான் ஓட்டுநருக்குப் பின் வரிசையில் தொவாதெரின் பெண்டாட்டி சாஃப்தா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். 

சாஃப்தா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரிடம் போனாள். "பாலத்துக்கிட்ட நிறுத்து."

"அக்கா, ஷிஃப்டு?"

"நிறுத்துன்னேன்."

நானும் இறங்கினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். தொவாதெரின் சவப்பெட்டியைக் கால்மாட்டுப் பக்கம் தூக்கியவன் நான். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்தவர் பேரைச் சொல்லி எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அவருக்கு அங்கே கிடைக்கும். தட்டு கொடுத்தால் தட்டு, போர்வை கொடுத்தால் போர்வை. கொடுக்காதது இல்லை. வாங்குகிற ஆள் செத்தவரைப் போல உடல்வாகு உள்ளவராக இருக்க வேண்டும். வாங்கியதைப் பரணில் போட்டு வைக்கக் கூடாது, புழங்க வேண்டும். அவர் இங்கே புழங்கினால் இவர் அங்கே புழங்குவார். நாற்பதாம் நாள் வரை ஆவி அலைந்துகொண்டிருக்கும். அன்றைக்கு அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிடுவார்கள். கையில் என்ன இருக்கிறதோ அதோடு போக வேண்டியதுதான். தொவாதெருக்கு நாற்பது வருகிற சனிக்கிழமை.

நெகுலாய் காட்டில் மரம் வெட்டுகிறவன். தொவாதெர் ஆலைக்கு வருவதற்கு முன்னால் இருவரும் ஒரே ரம்பத்தின் இரண்டு பிடியைப் பிடித்தவர்கள். அதே தோள், அதே எடை. பெண்டாட்டி இத்தாலிக்கு வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளப் போய் அங்கேயே இருந்துவிட்டாள். அடக்கத்தன்றே சாஃப்தா அவனுக்குத்தான் கட்டிலைக் கொடுத்தாள்.

நாங்கள் போனபோது அவன் அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தான். சாஃப்தாவைப் பார்த்ததும் துடுப்பைக் களியிலேயே விட்டுவிட்டு அறைக் கதவை மறைத்து நின்றான்.

"என்ன மதினி, இந்நேரத்துல."

"தள்ளு."

"களி சாப்பிட்டுட்டுப் போலாமே. நல்ல பாலாடைக்கட்டி இருக்கு."

"நெகுலாய், தள்ளுடா."

தள்ளி நின்றான்.

கட்டில் கதிங்கா சொன்னபடியே கிடந்தது. பக்கச் சட்டத்தைத் தலைமாட்டோடு பிடித்திருந்த திருகாணி, பலகையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பிய்ந்த இடத்தில் மரம் என்று ஒன்றும் இல்லை. நனைந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து தரையில் ஒரு கைப்பிடித் தூள். சுவர் ஓரம் ஈரம் பட்டு அடிப்பலகை ஊதியிருந்தது. நடுவில் இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறான். செங்கல் பலகையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. மேல்தாள் மட்டும் பளபளவென்று அப்படியே இருந்தது, வால்நட் மரத்தின் ரேகை அச்சடித்த தாள்.

"எப்ப?" என்றாள்.

"போன வாரம்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பசை போட்டேன். ஆணி அடிச்சேன். ஆணி அடிக்க அடிக்க இன்னும் கொட்டுது. மதினி, சத்தியமா நான் குதிக்கல, ஆடல. படுத்தேன், அவ்வளவுதான். கட்டில்னா படுக்கத்தானே."

சாஃப்தா மண்டியிட்டு அந்தச் சட்டத்தின் விளிம்பைத் தடவினாள். ஆலையில் அவளுக்கு வேலையே அதுதான். அறுத்த பலகையின் விளிம்பில், உள்ளே இருக்கிற தூள் தெரியாமல், சூட்டில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுவது. பலகைக்கு உள்ளே என்ன போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மரப்பட்டை, பழைய பெட்டி, கிளைக்குப்பை, கொஞ்சம் மண்கூட. நான் அதை அரைக்கிற இடத்தில் நிற்கிறவன். அவள் தானத்துக்குக் கட்டில் வாங்கக் கடைக்குப் போனபோது வண்டி ஓட்டிப் போனதும் நான்தான். கடையில் பத்துக் கட்டில் இருந்தது. ஒவ்வொன்றின் விளிம்பையும் நகத்தால் கீறிப் பார்த்து, பட்டை நன்றாக ஒட்டியிருந்ததை எடுத்தாள். உள்ளே இருப்பதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தானம் புதுசாக இருக்க வேண்டும். பழசைக் கொடுப்பது செத்தவன் முகத்தில் துப்புவது மாதிரி. அதுதான் எங்களுக்குத் தெரிந்த நியாயம்.

"ஒட்டு நல்லாத்தான் இருக்கு," என்றாள். சட்டென்று அந்தப் பட்டையை நகத்தால் பிய்க்க ஆரம்பித்தாள். முழு நீளத்துக்கும் பிய்த்தாள். விரல் நுனியில் ரத்தம் வந்தது. நெகுலாய் அவள் கையைப் பிடித்தான்.

"விடு மதினி. நான் தரையில படுத்துக்கறேன். எனக்கு ஒண்ணுமில்ல. காட்டுல பனியிலயே படுத்தவன்."

"உன்னை யாரு கேட்டா? நீ தரையில படுத்தா அவரும் தரையில. அதானேடா."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. தொவாதெர் நெஞ்சுநோயில் கிடந்தது நாலு மாதம். அவன் கிடந்ததும் இதே மாதிரி ஒரு தூள் பலகைக் கட்டில்தான். ஒவ்வொரு இருமலுக்கும் அது கிறீச்சிட்டது. கடைசியில் ஒரு நாள் கால்மாடு கழன்று விழுந்தது. தூக்கி உட்காரவைக்கவும் வழியில்லாமல் மெத்தையைச் சமையலறைத் தரையில் போட்டோம். "தரை நல்லதுதான். இனி எங்க விழப்போறேன்," என்று அவன் சிரித்தான். கதவிடுக்கில் வந்த காற்று அவன் முகத்தின் மேலேயே ஓடியது. கந்தலை அடைத்தோம், செய்தித்தாளை அடைத்தோம், காற்று வேறு இடுக்கு பார்த்து வந்தது. அவன் செத்தபோது அவன் முதுகில் தரைப்பலகையின் கோடுகள் இருந்தன. குளிப்பாட்டியவர்களோடு சாஃப்தாவும் அதைப் பார்த்தாள்.

முன்னால் எல்லா வீட்டிலும் நல்ல கட்டில்தான் இருந்தது. ஆலை ஆட்களுக்குப் புதுச் சாமான் சலுகையில் கிடைத்த வருஷம், ஊரே பழசை முற்றத்துக்கு இழுத்துப் பிளந்து அடுப்பில் வைத்தது. தொவாதெர் தன் அப்பனின் ஓக் கட்டிலைப் பிளந்தபோது கோடரி தெறித்துத் தெறித்துத் திரும்பி வந்தது. "கிழவன் விடமாட்டேங்கறான்," என்று கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே பிளந்தான். நானும் எங்கள் வீட்டில் பிளந்தேன். நல்ல கனல். அதைத் தவிர வேறு ஒன்றும் எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

நெகுலாய் வீட்டிலிருந்து நேரே கோயிலுக்குப் போனோம். சாமியார் சனிக்கிழமைக்காக மெழுகுவத்திச் சொட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இளவயசுக்காரர், பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"சாஃப்தா, கடவுள் கட்டிலைப் பாக்கறதில்ல. கொடுத்த மனசைப் பாக்கறார்."

"மனசு மேல படுக்க முடியாது சாமி."

"ஆவிக்கு முதுகு கிடையாதும்மா."

"நீங்க அவர் முதுகைப் பாக்கல."

சாமியார் கத்தியைக் கீழே வைத்தார். "இப்ப நான் என்ன செய்யணும்?"

"இன்னொரு கட்டில் கொடுத்தா செல்லுமா? சனிக்கிழமைக்குள்ள."

"செல்லும். தாராளமா."

"அதுவும் உடைஞ்சா?"

சாமியார் மறுபடி கத்தியை எடுத்துச் சுரண்டினார்.

"நீங்க எதுல சாமி படுக்கறீங்க?"

"எனக்கு முன்னாடி இருந்த சாமியார் விட்டுட்டுப் போனது. அவருக்கும் முன்னாடி இருந்தவரோடதுன்னு சொல்வாங்க."

"உடையலையா?"

"இல்ல," என்றார். சொல்லும்போது காது சிவந்தது.

வெளியே வந்ததும் சாஃப்தா என்னிடம், "கவ்ரில், உன் டிராக்டர் ஓடுமா?" என்று கேட்டாள். "ஹார்லாம்பி கிட்டங்கிக்குப் போகணும்."

ஹார்லாம்பி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய மாட்டுக்கொட்டகையைப் பிடித்து வைத்திருந்தான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் தெருவில் தூக்கிப் போட்ட சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து விற்பான். எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே போவது இருட்டின பிறகுதான். வாங்கியதைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வருவார்கள். பிணத்துச் சாமான் என்று பேர். நாங்கள் பட்டப்பகலில் போய் நின்றோம்.

உள்ளே கூரை வரைக்கும் அலமாரி, மேசை, நாற்காலி. ஹார்லாம்பி இரும்புப் பீப்பாய் அடுப்பில் எதையோ எரித்துக்கொண்டு, புகையில் கண்ணைச் சுருக்கி உட்கார்ந்திருந்தான். வற்றலான ஆள். எதையும் சுற்றி வளைத்துப் பேசமாட்டான்.

"கட்டிலா? ஒண்ணு இருக்கு. வா."

ஓக். கறுத்துப்போயிருந்தது. தலைமாடு என் நெஞ்சு உயரம். சட்டங்கள் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, அங்கே மர ஆப்பு அடித்து நின்றன. ஒரு திருகாணி கிடையாது. நான் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கட்டில் ஆடவில்லை, என் தோள்தான் ஆடியது.

"ஆப்பைத் தட்டினா பிரியும், திரும்ப அடிச்சா சேரும்," என்றான் ஹார்லாம்பி. "தளர்ந்தா இன்னொரு தட்டு. அவ்வளவுதான் பராமரிப்பு. உங்க ஆலைச் சரக்க ஒரு தடவை கழட்டினா திரும்ப மாட்ட முடியாது. துளை வாயைப் பொளந்துடும். இதை உன் வீட்டுல போடு, உன் பேரன் வித்தா என்கிட்டயே வருவான்."

"எனக்குப் பேரன் இல்ல. இது தானத்துக்கு," என்றாள் சாஃப்தா. "இதுல யாராவது செத்திருக்காங்களா?"

ஹார்லாம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பொய் சொல்லட்டுமா, நிஜம் சொல்லட்டுமா?"

"நிஜம்."

"செத்திருப்பாங்க. நல்ல கட்டில் எதுலயும் யாராவது செத்துத்தான் இருப்பாங்க. யாரும் சாகாத கட்டில் வேணும்னா கடைக்குப் போ. அது ஒரு ஆள் செத்து முடிக்கிற வரைக்கும்கூடத் தாங்காது. உனக்குத் தெரியாததா?"

எனக்கு அவனை அறையத் தோன்றியது. சாஃப்தா முகம் மாறவில்லை.

"அப்ப அந்த ஆளு அங்க இதுலதானே படுத்திருப்பான்? நான் இதைக் கொடுத்தா, தொவாதெர் போயி ஒரு ஜெர்மன்காரனை எழுப்பியா விடணும்?"

"ஜெர்மன்காரியாகூட இருக்கலாம்."

"அது இன்னும் மோசம்."

ஹார்லாம்பி முதல் தடவையாகச் சிரித்தான். பல் இரண்டு இல்லை. "மதினி, யோசிச்சுப் பாரு. அவங்க ஊர்ல பேர் சொல்லிக் கொடுக்கற பழக்கமே கிடையாது. கிழவன் செத்தான், புள்ளைங்க தூக்கித் தெருவுல வெச்சுட்டாங்க, மழையில. நான் எடுத்தேன். யாரும் யாருக்கும் கொடுக்கல. கொடுக்காதது அங்க எப்படிப் போகும்? உன் கணக்குப்படியே அங்க இந்தக் கட்டில் காலி. காலிகூட இல்ல, அங்க இது இல்லவே இல்ல. நீ கொடுத்தாத்தான் போய்ச் சேரும்."

அவன் வியாபாரத்துக்குச் சொன்னான். நியாயம் நல்ல நியாயமாகத்தான் இருந்தது. நான் தலையாட்டினேன். சாஃப்தா ஆட்டவில்லை. கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்தாள். 

"அப்ப அந்தக் கிழவன் அங்க எதுல படுத்திருக்கான்?"

ஹார்லாம்பி ஓர் ஆப்பைக் கையால் தட்டிப் பார்த்தான்.

"புள்ளைங்க ஒண்ணுமே கொடுக்கலைங்கற. அப்ப தரையில கெடக்கான்."

"அது அவன் பாடு மதினி. உனக்கு எதுக்கு?"

"ஆமா. எனக்கு எதுக்கு," என்றாள். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. பிறகு, "என் வீட்டு முற்றத்துல பீச் விறகு இருக்கு. காய்ஞ்சது. தொவாதெர் நோய்க்கு முன்னாடி வெட்டி அடுக்கினது. அதை எடுத்துக்கோ," என்றாள்.

"எவ்வளவு?"

"எல்லாம்."

"அக்கா," என்றேன்.

"நீ வண்டியைத் திருப்பு."

ஹார்லாம்பிகூடத் தயங்கினான். எங்கள் பக்கத்தில் விறகு இல்லாத குளிர்காலம் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியும். பாதி போதும் என்றான். பாதியைக் கொடுத்து வாங்கினால் பாதிதான் போய்ச் சேரும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் அன்றைக்கு யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் இல்லை.

மறுநாள் விறகை ஏற்றினோம். உறைபனி விழுந்து புல் மொறுமொறுத்தது. நெகுலாய் சேதி தெரிந்து ஓடிவந்தான். அடுக்கின் முன்னால் கையை விரித்து நின்றான்.

"என்ன பண்றே மதினி? ஜனவரி மாசத்துல எதை எரிப்பே? கையையா, காலையா?"

"உன் வீட்டுல ஒரு கழுதை படுத்துக் கெடக்குல்ல, அதைக் கொண்டா. அதை எரிக்கறேன்."

"அது எரியாது. பசை. கறுப்பா நாறும், அறையில இருக்கறவன் செத்துப்போவான். எனக்குக் கட்டிலே வேணாம். பெஞ்சுல படுத்தா எனக்குத் தூக்கம் வரலையா? நான் வாங்கமாட்டேன், போ. எவன் குறுக்குல வந்தாலும் வாங்கமாட்டேன்."

சாஃப்தா கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டாள். அவன் கிட்டப் போய் நின்றாள். அவன் நெஞ்சளவுக்குத்தான் வருவாள்.

"நீ வாங்கலைன்னா அதே தோள் உள்ள ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றாள்.  "ரெண்டு நாள்ல எங்கடா போவேன்? பக்கத்து ஊருக்கா? ஊர் ஊரா ஒவ்வொருத்தன் தோளையும் அளந்துக்கிட்டா திரிவேன்? அவர் அங்க நின்னுக்கிட்டிருக்காருடா. கையில ஒண்ணுமில்லாம நின்னுக்கிட்டிருக்காரு."

நெகுலாய் கையை இறக்கினான்.  பிறகு குனிந்து, கீழே கிடந்த கட்டையை எடுத்து, வண்டியில் போட்டான். அதன்பின் மூன்று பேரும் ஏற்றினோம். அடுக்கு தீர்ந்ததும் அடியில் வெளுத்த புல் நீளமாகத் தெரிந்தது. மழை படாத இடம்.

சனிக்கிழமை காலையில் கட்டிலை அந்த இடத்தில்தான் பூட்டினோம். முற்றத்தில் சேறு இல்லாத இடம் அது ஒன்றுதான். நெகுலாய் கட்டையால் ஆப்பைத் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் தடித்துக்கொண்டே வந்து, கடைசித் தட்டில் மணி மாதிரிக் கேட்டது. சாஃப்தா வெள்ளை விரிப்பு போட்டாள், தலையணை வைத்தாள், கம்பளிப் போர்வையை மடித்து வைத்தாள். மேசையில் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமை, பின்னல் ரொட்டி, முட்டைக்கோசில் பொதிந்த சோறு, பிளம் சாராயம். ஊர் பாதி வந்திருந்தது. கதிங்கா எல்லோருக்கும் முன்னால் வந்து தலைமாட்டை நகத்தால் கீறினாள். பிறகு சட்டத்தை முகர்ந்தாள்.

"பழசு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். மெல்லச் சொல்வதாக நினைப்பு.

"ஆமா, பழசு," என்றாள் சாஃப்தா. "ஹார்லாம்பிகிட்ட வாங்கினது. உன் வீட்டுக் கட்டில் எப்படி இருக்கு கதிங்கா?"

கதிங்கா ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சாமியார் பாடி முடித்தார். சாஃப்தா ஒரு மெழுகுவத்தியை ஏற்றித் தலைமாட்டின் ஒரு மூலையில் ஒட்டவைத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். சாமியார் அவளைப் பார்த்தார். அவள் அதையும் ஏற்றி மற்ற மூலையில் ஒட்டவைத்தாள். கட்டிலுக்குக் குறுக்கே கையை நீட்டி நெகுலாயின் கையைப் பிடித்தாள்.

"இது தொவாதெருக்கு," என்றாள். "இதுல முன்னாடி படுத்திருந்த ஆளுக்கும். பேர் தெரியாது. அவருக்கும் யாரும் கொடுக்கல."

 இப்படி ஒரு தானத்தை யாரும் கேட்டதில்லை. செல்லுமா செல்லாதா என்று எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் சேற்றைப் பார்த்தார். வாங்குகிறவன் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அதை நெகுலாய் சொல்ல வேண்டும்.

"கடவுள் மன்னிக்கட்டும்," என்றான்.  "ரெண்டு பேரையும்."

"படு," என்றாள் சாஃப்தா.

"இப்பவா? ஊரே பாக்குது மதினி."

"படு."

பூட்ஸைக் கழற்றினான். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. மெல்ல உட்கார்ந்து, பயந்து பயந்து முதுகைச் சாய்த்து, நெஞ்சின்மேல் கையைக் கட்டிக்கொண்டு படுத்தான். அத்தனை பெரிய உடம்பு. கட்டிலில் இருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. சாஃப்தா குனிந்து, சட்டம் சேருகிற இடத்தில் காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தாள்.

"நடுவுல படுக்காத," என்றாள். "ஓரமாத் தள்ளிப் படு. அந்தக் கிழவருக்கும் இடம் வேணும்ல."

நெகுலாய் தள்ளிப் படுத்தான். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு விரிப்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"அப்ப உனக்கு?" என்றாள் கதிங்கா. இந்த முறை அவள் குரலில் குத்தல் இல்லை. "நீ போறப்ப உனக்கு அங்க இடம்?"

சாஃப்தா சுற்றிக்கொண்டு கால்மாட்டுப் பக்கம் போனாள். "அவர் நோயில கெடந்தப்ப நான் கால்மாட்டுலதான் உக்காந்திருந்தேன்," என்று சொல்லி, நெகுலாயின் காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, விளிம்பில் உட்கார்ந்தாள். போர்வையைப் பிரித்து அவன் மேலும், பக்கத்தில் காலியாக இருந்த இடத்தின் மேலும் சேர்த்து இழுத்துவிட்டாள்.

ஜனங்கள் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். கோதுமையைச் சாப்பிட்டார்கள். யாரோ சாராயம் ஊற்றினார்கள். மதியத்துக்குள் பனித்தூறல் தொடங்கியது. அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்திருக்கும்வரை நெகுலாயும் எழுந்திருக்கவில்லை.